வென்றவனுக்கு மூடிய கதவு

வாணிகம் செய்வோர் வாடிக்கையாளரை விரட்டுவது வழக்கமன்று. கையில் எடுத்து முகர்ந்து, பழைய அரிசி எது புதிய அரிசி எது என்று அறிந்து வாங்கும் பெண்மணியைப் பார்த்து, "இனி என் கடைக்கு வராதீர்கள்" என்று எந்த மளிகைக்காரரும் சொல்வதில்லை. ஆனால், பொருளின் மதிப்பை அறிந்து வாங்குபவரை வெளியேற்றிவிட்டு, அறியாமல் வாங்குபவரை மட்டும் போற்றி வைத்துக்கொள்ளும் வாணிகம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் குதிரைப் பந்தயத்தைச் சார்ந்து வளர்ந்த புக்மேக்கர் தொழிலே அது. தொடர்ந்து வெல்பவரின் பந்தயத் தொகையைச் சில காசுகளாகக் குறைப்பதும், அவரது கணக்கையே மூடிவிடுவதும் இத்தொழிலில் இன்று அன்றாட நிகழ்ச்சிகள். இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் பயனுடையது.

தொழில் தோன்றிய கதை

தொடக்கக் காலத்தில் குதிரைப் பந்தயம் செல்வர் இருவர் தமக்குள் கட்டிக்கொண்ட பந்தயமாகவே இருந்தது. ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றார். இடையில் வேறு எவரும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், நியூமார்க்கெட் பந்தயத் திடலில் ஆக்டன் என்பவர் ஓடும் குதிரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை கூறி, வருவோர் அனைவரிடமும் பணம் ஏற்கத் தொடங்கினார் என்பர். புக்மேக்கர் தொழிலின் தொடக்கமாக இதனைக் கொள்வது மரபு.

இத்தொழிலின் கணக்கு எளிது. ஆற்றலில் சமமான நான்கு குதிரைகள் ஓடுவதாகக் கொள்வோம். நியாயப்படி ஒரு பவுனுக்கு மூன்று பவுன் வெற்றித் தொகையாகத் தரவேண்டும். புக்மேக்கரோ இரண்டரைப் பவுன்தான் தருவார். ஒவ்வொரு குதிரையின் மீதும் 100 பவுன் வீதம் 400 பவுன் வசூலாகிறது. எக்குதிரை வென்றாலும், கட்டிய பணத்தையும் சேர்த்து அவர் திருப்பித் தருவது 350 பவுன். எஞ்சிய 50 பவுன் அவருக்கு ஊதியம். பணம் பரவலாக வரும்வரை அவருக்கு அச்சமில்லை. ஆனால் அவர் கூறிய விலைகளுள் எது தவறானது என்பதைக் கண்டறிந்து, அந்த ஒரு குதிரையின் மீது மட்டும் பணம் கட்டும் அறிவாளி வந்துவிட்டால் கணக்குப் பிழைத்துவிடும். அந்த அறிவாளியைப் பற்றிய அச்சமே இக்கட்டுரை கூறும் வரலாற்றின் ஆணிவேர்.

மானக் கடன்

1845ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டம், பந்தய ஒப்பந்தங்கள் நீதிமன்றத்தில் செல்லா என்று விதித்தது. புக்மேக்கர் பணம் தர மறுத்தாலும், தோற்றவர் ஏமாற்றினாலும் வழக்குத் தொடுக்க வழியில்லை. எனவே பந்தயக் கடன், மானக் கடன் எனப்பட்டது. 1853ஆம் ஆண்டுச் சட்டம் பந்தய விடுதிகளையும், 1906ஆம் ஆண்டுச் சட்டம் தெருவில் பணம் வாங்குவதையும் தடை செய்தன. ஆயினும், கணக்கு வைத்திருந்த வசதி படைத்தோர் கடிதத்தின் வழியாகவும், பின்னர்த் தொலைபேசியின் வழியாகவும் கடனுக்குப் பந்தயம் கட்டுவதற்குத் தடை ஏற்படவில்லை. தொழிலாளி ஒளிந்து மறைந்து தெரு முனையில் சில்லறையைக் கொடுத்தான்; துரைமகனார் தம் மாளிகையில் அமர்ந்து பந்தயம் கட்டினார்.

இவ்வேறுபாட்டில் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. தெருவில் சில்லறை கொடுத்தவனுக்குப் பேரேட்டில் பக்கம் இல்லை. கணக்கு வைத்திருந்தவருக்கோ பெயர் இருந்தது, முகவரி இருந்தது, வரவு செலவு எழுதிய பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, "இவர் மிகுதியாக வெல்கிறார்" என்று முடிவு செய்யவும், கணக்கை முடித்து ஒரு கடிதம் எழுதவும் முடிந்தது. பெயர் தெரிந்தால்தான் கதவை மூட இயலும்.

கணித ஆசிரியரும் நிழற்படமும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பந்தயத்தை ஒரு கல்வியாகவே பயின்றவர்கள் தோன்றினர். அவர்களுள் தலையாயவர் பில் புல். யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளியின் மகனாக 1910ஆம் ஆண்டு பிறந்து, லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று, லண்டனில் கணித ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர். குதிரைகள் ஓடிய நேரத்தை ஆய்ந்து அவற்றின் ஆற்றலை எண்களால் அளந்தார். பந்தயத்தில் பெரும்பொருள் ஈட்டினார். 1948ஆம் ஆண்டு அவர் நிறுவிய டைம்ஃபார்ம் நிறுவனம், அதுவரை இலாயங்களுக்குள் அடைபட்டுக் கிடந்த அறிவை அச்சிட்டு விற்றது. கரும்பலகையில் கணக்குப் போட்ட கை, புக்மேக்கரின் கணக்கையும் திருத்தத் தொடங்கிவிட்டது எனலாம்.

மற்றொருவர் அலெக்ஸ் பேர்ட். 1947ஆம் ஆண்டு முதல் பிரிட்டனில் நெருக்கமான முடிவுகளை நிழற்படம் எடுத்துத் தீர்மானித்தனர். படச்சுருள் கழுவப்படும் சில நிமிடங்களுக்குள் எக்குதிரை வென்றது என்று பந்தயம் கட்டலாம். எல்லைக் கோட்டிற்கு நேராக நின்று கூர்ந்து நோக்கிய பேர்ட், ஏனையோர் கண்கள் மயங்கிய இடத்தில் உண்மையைக் கண்டார். வெற்றி பெருகப் பெருக, அவர் பணத்தை ஏற்போர் குறைந்தனர். பிறர் வழியாகப் பணம் கட்ட வேண்டியவரானார்.

அறிந்தவர் ஒளிந்து செல்ல வேண்டிய இந்த நிலையின் உச்சத்தை 1975ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அயர்லாந்தின் பெல்லூஸ்டவுன் திடலில் காணலாம். பார்னி கர்லி என்பவர் தம் குதிரை 'யெல்லோ சாம்' மீது, நாடெங்கும் உள்ள பந்தயக் கடைகளில் நண்பர்கள் வாயிலாகச் சிறு சிறு தொகைகளாகக் கட்டுவித்தார். திடலில் இருந்த ஒரே பொதுத் தொலைபேசியை அவருடைய ஆள் ஒருவர், இறக்கும் தறுவாயிலுள்ள அத்தையைப் பற்றிப் பேசுவதாகக் கூறிப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர்கள் திடலுக்குச் செய்தி அனுப்பி விலையைக் குறைக்க இயலவில்லை. ஒன்றுக்கு இருபது என்ற விலையில் குதிரை வென்றது. மூன்று இலட்சம் பவுனுக்கு மேல் கிடைத்தது. தந்திரம்தான், ஆனால் சட்டத்தை மீறியதன்று. புக்மேக்கர்கள் பணத்தைக் கொடுத்தனர்.

பெயர் தெரிந்த வாடிக்கையாளர்

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1961 மே முதல் நாள் பிரிட்டனில் பந்தயக் கடைகள் திறக்கப்பட்டன. ரொக்கத்தை நீட்டிச் சீட்டைப் பெற்றுக்கொண்டு, பெயர் கூறாமலேயே எவரும் செல்லலாம். இணையம் வந்தபின் இந்நிலை தலைகீழாயிற்று. முன்பு துரைமகனாருக்கு மட்டும் இருந்த பேரேட்டுப் பக்கம் இப்போது ஒவ்வொருவருக்கும் உண்டு. கட்டிய தொகை, கட்டிய நேரம், பெற்ற விலை அனைத்தையும் கணிப்பொறி நினைவில் வைத்திருக்கிறது.

வியப்பு யாதெனில், கணக்கை ஒடுக்குவதற்கு ஒருவர் வென்றிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அவர் வாங்கிய விலை, பந்தயம் தொடங்கும் நேரத்தில் மீண்டும் மீண்டும் குறைந்து காணப்படுமானால், அவர் மதிப்பறிந்தவர் என்பது புலனாகிவிடும். அன்றுவரை அவர் தோற்றிருந்தாலும் அவரது எல்லை சுருக்கப்படலாம். மறுபுறம், ஓயாது தோற்பவருக்கு இலவசப் பந்தயமும் சலுகைகளும் தேடி வருகின்றன.

2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, பந்தய ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லும் என்றாயிற்று. மானக் கடன் சட்டக் கடனாயிற்று. ஆனால் ஏற்ற பந்தயத்திற்குப் பணம் கொடு என்றுதான் சட்டம் கூறியது. பந்தயத்தை ஏற்றே தீரவேண்டும் என்று கூறவில்லை. 160 ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்தின் கதவு திறந்தது. கடையின் கதவோ வென்றவனுக்கு மூடியே இருந்தது.

புக்மேக்கர்கள் தரப்பிலும் வாதம் இல்லாமல் இல்லை. குழுவாக இயங்கும் வல்லுநர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டால், அந்த இழப்பை ஈடுகட்ட எல்லாருக்கும் விலையைக் குறைக்க நேரும் என்பர் அவர்கள். இது முற்றும் பொய்யன்று. எனினும், "எங்களை வென்று பாருங்கள்" என்று விளம்பரம் செய்துவிட்டு, வெல்லக்கூடியவரைப் பொறுக்கி நீக்குவது நேர்மையாகுமா என்னும் வினா அதனால் மறைந்துவிடாது.

மாற்று வழிகள்

வென்றவரை விரட்டாத முறையும் உண்டு. பாரிசில் ஜோசப் ஒல்லர் 1860களில் வகுத்த பொதுத்தொகை முறையில், எல்லாரும் கட்டிய பணத்தில் ஒரு பங்கை நிலையத்தார் எடுத்துக்கொள்வர். எஞ்சியது வென்றவர்களுக்குள் பகிரப்படும். யார் வென்றாலும் நிலையத்தாருக்கு இழப்பில்லை. 1842இல் தோன்றி, 2024 அக்டோபர் 5ஆம் நாள் இறுதிப் பந்தயத்தை நடத்திய சிங்கப்பூர்ப் பந்தயக் கழகத்தில் மக்கள் கண்ட 'டோட்' முறை இதுவே.

2000ஆம் ஆண்டு தோன்றிய பெட்ஃபேர், பந்தயம் கட்டுவோரைத் தமக்குள்ளேயே கட்டிக்கொள்ளச் செய்து தரகு மட்டும் பெற்றது. அங்கும் 2008இல், தொடர்ந்து வெல்வோர்மீது தனிக் கட்டணம் விதிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் 2014ஆம் ஆண்டிலும், விக்டோரியா 2016ஆம் ஆண்டிலும் ஒரு குறிப்பிட்ட தொகை வரையிலான பந்தயத்தை மறுக்கலாகாது என்று விதி செய்தன. பிரிட்டனில் அத்தகைய விதி ஏற்படவில்லை. அங்கு 2002 முதல் குதிரைப் பந்தயத் துறைக்குரிய வரி, புக்மேக்கரின் மொத்த இலாபத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அதாவது, பந்தயம் கட்டுவோர் எவ்வளவு தோற்கின்றனரோ அவ்வளவுக்குத் துறைக்கு வருவாய். அத்துறை வென்றவனுக்காக உரத்துப் பேசுவது எளிதன்று.

முடிவாக

வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதில் கிடைக்கும் வெற்றியையும் தூண்டில் இரையாகவே கண்டார். மகாபாரதத்தில் சகுனி, தருமனை மண்டபத்திற்கு மீண்டும் அழைத்தான். தருமன் தோற்பவன் என்பதை அவன் அறிந்திருந்ததே காரணம். வெல்லும் ஆட்டக்காரனுக்கு அப்படி ஓர் அழைப்பு சென்றிராது.

இன்று அந்த மண்டபம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. கதவு மூடப்பட்டோர் தமக்கு அநீதி நிகழ்ந்ததாக வருந்துகின்றனர்; அவ்வருத்தத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் இவ்வரலாறு உணர்த்தும் பாடம் அவர்களுக்கன்று. எத்தனை ஆண்டு சென்றாலும் புன்முறுவலுடன் உள்ளே வரவேற்கப்படுவோர்க்கே உரியது. அறிந்தவனை வெளியே நிறுத்தும் கடையில், தமக்கு மட்டும் கதவு திறந்தே இருப்பது ஏன் என்று அவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.