இடைவேளை யார் கணக்கில்?

நம் ஊருக்கே ஓர் இடைவேளை உண்டு. மதியம் ஒரு மணி ஆனால் நேரு வீதியில் பல கடைகள் ஷட்டரை இறக்கிவிடும், நாலு மணி வாக்கில்தான் மறுபடி தூக்கும். வெளியூர்க்காரர்கள் கையில் பையோடு விழித்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் இடைவேளையைப் பற்றிப் பேச பெரிய மார்க்கெட் பக்கத்து ஆட்களைவிடத் தகுதியானவர்கள் கிடையாது என்று துணிந்து எழுதுகிறேன். நான் சொல்ல வந்தது சினிமா இடைவேளை.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இன்று படத்தை நடுவில் நிறுத்துவது அபூர்வம். நம் நாட்டில் இரண்டு மணி நேரப் படமானாலும் பாதியில் விளக்கு எரிகிறது. ஏன்? பழக்கம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் கணக்கு எழுதிப் பழகியவனுக்கு அந்தப் பதில் போதாது. ஒரு செலவு நூறு வருடமாகப் பேரேட்டில் இருந்தால், அதை யாரோ ஒருவர் வரவாக எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

முதலில் நாடகம். தமிழ் நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள் கண் மூடியது நம் புதுச்சேரியில்தான், 1922 நவம்பர் 13 அன்று. கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் இன்றும் வந்து வணங்கிவிட்டுப் போகிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து நாடகம் ராத்திரி தொடங்கினால் விடிய விடிய நடக்கும். காட்சி மாற, வேடம் மாற்ற, திரை இறங்கித்தான் ஆகவேண்டும். தெருக்கூத்திலோ ஆட்டம் தொடங்குமுன் மத்தளமும் முகவீணையும் தாளமும் சேர்ந்து நெடுநேரம் முழங்கும். அதற்குக் களரி கட்டுதல் என்று பெயர். பாதி சாமிக்கு, பாதி அக்கம்பக்கத்து ஊருக்கு: சாப்பிட்டு முடித்துப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து சேருங்கள் என்று அழைப்பு.

சினிமா வந்தபோது இந்த இரண்டையும் அப்படியே வாங்கிக்கொண்டது. தென்னாட்டில் ஊர் ஊராகப் படம் காட்டிய முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட், நம்மைப் போல மாதச் சம்பளக்காரர். திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905இல் துபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார். அந்தத் துணிச்சல் நமக்கெல்லாம் வராது. பிறகு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார்.

இனி இரண்டாவது காரணம், ரீல். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 படம். பேசும்படம் வினாடிக்கு 24 படம் ஓடும். வகுத்துப் பாருங்கள், நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 16,000 அடிப் படம் என்றால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். நகரத்துத் தியேட்டரில் இரண்டு புரொஜெக்டர் இருக்கும். ஒன்று முடியும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி பளிச்சென்று வரும், ஆபரேட்டர் அடுத்த மெஷினைத் தட்டிவிடுவார். டூரிங் டாக்கீஸில் பெரும்பாலும் ஒரே மெஷின். சுருள் தீர்ந்தால் விளக்கைப் போட்டுத்தான் மாட்ட வேண்டும். அதனால் கூரைக் கொட்டகையில் ஒரு படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளை. மணலைக் குவித்து உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கக்கூடத் தேவையில்லை, முறுக்குத் தட்டு ஆளைத் தேடி வரும்.

இரண்டாம் உலகப் போரில் ஃபிலிம் தட்டுப்பாடு வந்தது. 1942இல் ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. அதாவது இரண்டு மணி நேரம். மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' (1944) அந்த அளவுக்குள் அடங்கிய படம்தான். நீளம் குறைந்தால் கூட்டம் குறையும் என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

களரி கட்டுதல் என்ன ஆனது? அது கொட்டகை உச்சியில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிக்குப் போனது. சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று சுற்று வட்டாரத்துக்கே தெரியும். நகரத்தில் வெல்வெட் திரை சுருண்டு மேலே போகும், கலர் விளக்கு மாறி மாறி எரியும், கூடவே 'கம் செப்டம்பர்' இசை. அந்த இங்கிலீஷ் படம் (1961) பார்க்காதவர்களுக்கும் அந்த மெட்டு மனப்பாடம். ஹாலிவுட்டிலும் இதே வழக்கம் உண்டு. 'கான் வித் த விண்ட்' (1939) படத்துக்கு முன்னிசை, இடைவேளை, இடைவேளைக்குப் பிறகு மறுபடி இசை, எழுந்து போக ஓர் இசை. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) நாலு நிமிடத்துக்கு மேல் இருட்டுத் திரையில் வெறும் இசையோடு தொடங்கும். இசையமைத்தவர் மொரீஸ் ஜார், பிரெஞ்சுக்காரர். டி.வி.யில் அதை வெட்டிவிடுவார்கள், பெட்டி கெட்டுவிட்டது என்று நாம் தட்டுவோம் என்ற பயமோ என்னவோ.

பிரெஞ்சுக்காரர்கள் இடைவேளையை 'ஆந்த்ராக்த்' என்பார்கள், அங்கங்களுக்கு நடுவே என்று பொருள். பாரிஸில் ரெனே கிளேர் 1924இல் அதே பெயரில் ஒரு குறும்படம் எடுத்தார். ஒரு பாலே நிகழ்ச்சியின் இடைவேளையில் காட்டுவதற்காகவே எடுத்த படம்! பிரான்சின் சினிமாக் கொட்டகைகளில் பல காலம் செய்திப்படம், துண்டுப்படம் முதலில், பிறகு இடைவேளை, ஐஸ்கிரீம், அதற்கப்புறம் முழுப்படம் தடங்கல் இல்லாமல் ஓடும். நாமோ 1954 நவம்பர் 1க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்தோம். செய்திப்படம் ஃபிலிம்ஸ் டிவிஷனிலிருந்து வந்தது, இடைவேளை படத்தின் வயிற்றிலேயே நின்றது. இந்தியில் ராஜ்கபூர் 'சங்கம்' (1964), 'மேரா நாம் ஜோக்கர்' (1970) இரண்டுக்கும் இரண்டிரண்டு இடைவேளை விட்டார்.

கதை எழுதுகிறவர்களும் இதைச் சாதகமாக்கிக்கொண்டார்கள். 'பாட்ஷா'வில் (1995) அடி வாங்கிக்கொண்டே இருந்த ஆட்டோக்காரர் திருப்பி அடித்தபிறகு டீக்கடையில் வேறு என்ன பேச முடியும்? எனக்குப் பிடித்தது அந்தப் பத்து நிமிடப் பேச்சுதான். நமக்கென்று எழுதாத வெளிநாட்டுப் படத்தை மட்டும் பேசும் வசனம் பாதியில் இருக்கும்போதே அறுக்கிறார்கள்.

இப்போது ஃபிலிமும் இல்லை, ரீலும் இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. நாடகத் திரை போயிற்று, சுருள் மாட்டும் வேலை போயிற்று. இடைவேளை மட்டும் எப்படி நிற்கிறது? மூன்றாவது காரணம், கேன்டீன்.

டிக்கெட் பணம் முழுவதும் தியேட்டர்காரருக்கு வருவதில்லை. அரசுக்கு வரி. மிச்சத்தில் விநியோகஸ்தருக்குப் பங்கு, அதிலும் கூட்டம் வரும் முதல் வாரத்தில் அவருக்குத்தான் பெரும்பங்கு. கேன்டீனும் சைக்கிள் ஸ்டாண்டும் அப்படியல்ல. குத்தகைத் தொகை முழுக்கத் தியேட்டருக்கு, அதுவும் முன்பணமாக. வங்கிக் கவுன்டரில் இருந்தபோது இதை என் கையாலேயே எண்ணியிருக்கிறேன். டிக்கெட் வசூல் நோட்டாக வரும், கேன்டீன் வசூல் துணிப்பையில் சில்லறையாக வரும். படம் ஓடாத வாரத்திலும் அந்தப் பை முழுக்க வற்றியதில்லை. இன்றைய மல்டிப்ளெக்ஸ் கம்பெனிகளின் ஆண்டறிக்கையைப் பாருங்கள், டிக்கெட்டுக்கு அடுத்த பெரிய வரவு தின்பண்டமும் பானமும்தான். வரியும் அதற்கேற்றபடி இருக்கிறது: 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், தியேட்டரில் தனியாக வாங்கும் பாப்கார்னுக்கு 5 சதவீதம் என்று 2023 ஜூலையில் கவுன்சில் தெளிவாக்கியது.

ஆக, இடைவேளை இன்று நம் கணக்கில் இல்லை, கடைக்காரர் கணக்கில் இருக்கிறது. தப்பு என்று சொல்ல மாட்டேன். இடைவேளையை எடுத்துவிட்டால் நம் ஊரில் மிச்சமிருக்கும் தனித் தியேட்டர்கள் பிழைப்பது கஷ்டம். ராஜா தியேட்டர் சிக்னல், அஜந்தா சிக்னல் என்று நாம் வழி சொல்வதைப் போல, பெயர் சிக்னலுக்கு மட்டும் மிஞ்சும் நிலை எல்லாத் தியேட்டருக்கும் வரவேண்டாம். முன்னிசையின் இடத்தை விளம்பரம் பிடித்துக்கொண்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பெங்களூருவில் ஒருவர், 25 நிமிட விளம்பரத்தால் நேரம் வீணாயிற்று என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் 2025 பிப்ரவரியில் ஜெயித்தார். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது.

ஒரு விஷயம் மட்டும் நம் சங்கத்து மூத்தவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வெளித் தின்பண்டத்தைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 3 அன்று சொன்னது. ஆனால் சுத்தமான குடிநீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கு வீட்டிலிருந்து உணவு கொண்டுபோகலாம் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. மாத்திரை போட வேண்டியவர்கள் அறுபது ரூபாய் பாட்டிலுக்கு வரிசையில் நிற்க வேண்டாம். குடிநீர் எங்கே என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள், "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று கதைச்சுருக்கம் முடியுமே, அவை உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். பழைய டிக்கெட் துண்டு இருந்தாலும் சரி. விலை தெரிகிற மாதிரி எடுக்கவும்.