சின்ன டொக்டரும் பெரியாஸ்பத்திரியும்

நெடுந்தீவில் இரவு ஒருவருக்கு வயிற்றுக்குத்து எண்டால் இரண்டு கேள்விதான் வரும். "டொக்டர் நிக்கிறாரோ?", "கடல் எப்பிடி?" டொக்டர் நிண்டாலும் சனம் முணுமுணுக்கும்: "இப்பத்தான் படிச்சு முடிச்ச பெடியன், இவருக்கு என்ன தெரியும்?"

இந்தச் சந்தேகம் எங்கட மண்ணுக்குப் புதிதில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த வருடமே உள்ளூர்ப் பெடியளுக்கு மேலை மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். பரம்பரை வைத்தியருக்குக் குடும்பப் பேர் சாட்சி. இந்தப் பெடியளுக்கு யார் சாட்சி? மானிப்பாயில் வகுப்பும் மருந்தகமும் ஒன்றாக நடந்தன. நோயாளிக்குப் பக்கத்தில் நின்று படித்ததுதான் அவர்களுக்குச் சாட்சி.

1864இல் கிறீன் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச உத்தியோகத்துக்குப் போய்விட, கிராமத்தில் நிற்கிற வைத்தியர் அவருக்குத் தேவைப்பட்டது. சத்திரசிகிச்சை நூலான 'இரண வைத்தியம்' 1867இல் தமிழில் வந்தது. இதில் இன்னொரு நன்மையும் இருந்ததாக நாங்கள் நினைக்கிறோம்: கத்தி பிடிப்பவர் சொல்வது பக்கத்தில் நிற்பவருக்கும் விளங்கினால்தான் அவர் "பொறுங்கோ" எண்டு சொல்லலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலும் இதைத்தான் கேட்கிறது. வெட்டுவதற்கு முன் அறையில் உள்ள எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். பெயர் சொன்ன தாதி, பிழை கண்டால் வாய் திறப்பார்.

இலங்கையில் பட்டம் பெற்றவருக்கு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. அதில் 6 மாதம் சத்திரசிகிச்சையில் அல்லது மகப்பேற்றில். மகப்பேற்றை எடுத்தவர் சத்திரசிகிச்சை விடுதியில் அந்த 6 மாதமும் நிண்டிருக்கமாட்டார். அப்படி ஒருவர் தீவுக்கு வந்தால், அவரை எப்படி அளப்பது?

எவ்வளவு துணிவாக வெட்டுகிறார் என்பதை வைத்து இல்லை. "இது இஞ்ச செய்யேலாது, உடன அனுப்புங்கோ" எண்டு எவ்வளவு நேரத்தோட சொல்கிறார் என்பதை வைத்து. குறிகட்டுவானுக்குப் படகிலேயே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், பிறகு யாழ்ப்பாணம் வரை தரைப்பாதை. இரண்டு மணித்தியாலம் யோசித்துவிட்டுச் சொன்னால் அது பிந்திய முடிவு.

பெரியாஸ்பத்திரியிலும் இதே அளவுகோல்தான். நடுச்சாமத்தில் மூத்தவரைக் கூப்பிடுகிற புதுச் சத்திரசிகிச்சை வைத்தியர் பயந்தவர் இல்லை. கூப்பிட்டதுக்கு ஏச்சு வாங்கினால், அடுத்தமுறை கூப்பிடமாட்டார். அந்த அடுத்தமுறை மேசையில் கிடப்பது எங்கட அம்மாவாக இருக்கலாம்.

ஆகவே சின்ன டொக்டர் "தெரியாது" எண்டால் நாங்கள் சிரிக்கக் கூடாது. துறையில் படகு தயாரா எண்டுதான் கேட்க வேண்டும்.