புற்றும் பாறையும்

கார்த்திகைப் பௌர்ணமியன்று ராயபுரத்தில் பஸ் பிடித்து, திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்குப் போனேன். மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். ஆண்டு முழுதும் கவசத்துக்குள் இருப்பவருக்கு இந்தப் பௌர்ணமி தொடங்கி மூன்று நாள் மட்டும் அதைக் கழற்றி, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துகிறார்கள். கருவறையைக் கல்லால் கட்டியது 11ஆம் நூற்றாண்டில், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில். புற்றைக் கும்பிடும் வழக்கமோ காட்டுக்குடிகளுடையது, கல்லுக்கு முந்தியது என்பேன்.

உள்ளேயே வட்டப்பாறை அம்மன் சன்னிதி. உக்கிரமாயிருந்தவளை ஆதிசங்கரர் சாந்தப்படுத்தினார் என்பது கோயில் கதை. எங்க ஆயா ஒத்துக்கொள்ள மாட்டாள்: "மதுரைய எரிச்சிட்டு வந்த கண்ணகிடா அவ!" எனக்கு ஆயா கட்சிதான். ஆனால் அம்மனுக்குப் பூசை செய்வது, சங்கரர் கதைக்குத் துணைபோல, அவர் பிறந்த கேரளத்தின் நம்பூதிரிகள்.

மூன்றாம் நாள் இரவு கவசம் மூடிவிடும், முந்திப் போங்கள்.