ஆரோக்கியவரம்: தொண்டு மருத்துவத்தில் கொடுத்தவர் யார்?

தொண்டு மருத்துவம் பற்றிய ஆவணப்படங்கள் பெரும்பாலும் கடல் கடந்து வரும் மருத்துவரையே மையப்படுத்துகின்றன; நோயாளி நன்றி சொல்லும் முகமாக மட்டுமே தோன்றுகிறார். இப்பார்வை போதாது என்பதற்கு அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியின் வரலாறு சான்று.

திருப்பதிக்கு மேற்கே அமைந்த மதனப்பள்ளியில், பல கிறித்தவ மிஷன்கள் கூட்டாக 1912இல் காசநோய் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கின. பின்னர் ஆரோக்கியவரம் என வழங்கப்பட்ட அதன் முதல் கண்காணிப்பாளர், டென்மார்க் நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மொல்லர். காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து அன்று இல்லை. ஓய்வு, சத்துணவு, தூய காற்று, நுரையீரலைச் சுருக்கி ஓய்வளிக்கும் சிகிச்சை ஆகியவையே கைவசம் இருந்தன.

1948இல் பி.சி.ஜி. தடுப்பூசி இந்தியாவுக்கு வந்தபோது, மதனப்பள்ளி அதன் தொடக்கக் களங்களுள் ஒன்றாயிற்று. போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் டென்மார்க் செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கிய இயக்கத்தின் நீட்சி அது. வெகுமக்களுக்கு இவ்வூசி போடுவதை 1955இல் ராஜாஜி கடுமையாக எதிர்த்தார். ஊசியின் பயனை அறிய, போட்டவர்களையும் போடாதவர்களையும் பல்லாண்டுகள் தொடர்ந்து ஒப்பிட வேண்டியிருந்தது. யோஹன்னஸ் ஃப்ரிமோட்-மொல்லர் தலைமையிலான குழு சுற்றுவட்டக் கிராமங்களில் அப்பணியை மேற்கொண்டது. அதன் முடிவுகள் 1964இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தன.

அக்கட்டுரை மருத்துவர்களின் பெயரைத் தாங்கியது. சோதனைக்குக் கை நீட்டிய கிராமத்தார் எண்களாகவே அதில் இடம்பெற்றனர். ஊசி பெறாமலே ஒப்பீட்டுக்கு உதவியோரும் அவர்களுள் அடங்குவர். அவர்களையும் கொடையாளராகக் கொண்டே தொண்டு மருத்துவத்தின் வரலாறு எழுதப்பட வேண்டும்.