சமப் பாவக் கொள்கையும் சிப்ரியானின் கடிதமும்

பாவத்தில் பெரியது சிறியது கிடையாது, கடவுள் முன்னிலையில் பொய்யும் கொலையும் ஒன்றே என்ற பேச்சு தமிழ்ப் பிரசங்க மேடைகளில் மிகவும் பழகிப்போனது. நியாயப்பிரமாணம் முழுவதையும் கைக்கொண்டு ஒன்றில் மட்டும் தவறியவன் எல்லாவற்றிலும் குற்றவாளி என்னும் யாக்கோபு நிருபத்தின் கருத்தும் (2:10), இச்சையோடு பார்ப்பதையே விபசாரம் என்னும் மலைப்பிரசங்கமும் இதற்குச் சான்றாகக் காட்டப்படும். கத்தோலிக்க ஞானோபதேசமோ சாவான பாவம், அற்பப் பாவம் என்று பிரித்தே கற்பிக்கிறது. ஆகவே இது சீர்திருத்தச் சபையாருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையிலான பழைய வழக்கு என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

வழக்கு அப்படிப்பட்டதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். எல்லாப் பாவமும் சமம் என்பதைத் தொடக்ககாலக் கிறிஸ்தவ ஆசிரியர்கள் ஸ்டோயிக்கத் தத்துவவாதிகளின் கொள்கையாகவே அறிந்திருந்தார்கள், அறிந்து மறுத்தார்கள். மறுத்தவர் வரிசையில் சீர்திருத்தத் தலைவர் கால்வினுக்கும் இடமுண்டு. பாவங்களை எடைபோடும் வேலை, துன்புறுத்தலின்போது விசுவாசத்திலிருந்து விழுந்தவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதற்காகவே மூன்றாம் நூற்றாண்டில் இவ்வளவு நுணுக்கம் பெற்றது. அங்கே பயன்பட்ட அளவுகோல்களில் ஒன்று, இந்தப் பாவத்தால் அருகிலிருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது. பின்வந்தவர்கள் அதை எடுப்பதும் மறப்பதுமாக இருந்திருக்கிறார்கள்.

பேரரசன் தேசியுஸ் குடிமக்கள் யாவரும் உரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டுமென்று ஆணையிட்டான். கி.பி. 250இல் அந்த ஆணை ஊர்தோறும் நடைமுறைக்கு வந்தது. பலியிட்டவருக்கு அதிகாரிகள் முன்னிலையில் சான்றிதழ் தரப்பட்டது. எகிப்தின் மணலிலிருந்து அத்தகைய பாப்பிரஸ் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை கிடைத்துள்ளன. இன்னார் எங்கள் கண்முன் பலியிட்டார், படைத்ததை உண்டார் என்ற ஒரே வாய்பாட்டை எழுத்தர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். கார்த்தேஜில் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் பணிந்துவிட்டனர். சிலர் பலியிட்டார்கள், சிலர் தூபம் மட்டும் காட்டினார்கள். இன்னும் சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். புயல் ஓய்ந்ததும் இவர்கள் எல்லாரும் திருச்சபையின் வாசலுக்குத் திரும்பி வந்தார்கள்.

உரோமையில் நோவாசியான் என்ற குரு கதவை அடைத்தார். மனம் வருந்தட்டும், அழட்டும், ஆனால் விசுவாசத்தை மறுதலித்தவனை மீண்டும் சேர்க்கத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என்பது அவர் நிலை. 251இல் ஆயர் கொர்னேலியுவுக்கு எதிராகத் தம்மையே ஆயராக நிறுவிக்கொண்டார். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானோ அதே ஆண்டு ஆயர் மன்றத்தைக் கூட்டினார். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்ப்பது, பலியிட்டவர்களுக்குச் சாகும் தறுவாயில் சமாதானம் அளிப்பது என்று மன்றம் முடிவு செய்தது. நோவாசியானின் கடிதத்தைக் கண்டு தடுமாறிய அந்தோனியான் என்ற ஆயருக்குச் சிப்ரியான் எழுதிய நெடுங்கடிதம் (இன்றைய பதிப்புகளில் 55ஆவது) நம் பொருளுக்கு அடிப்படை ஆவணம்.

அதில் சிப்ரியான் முதலில் ஆட்களைப் பிரிக்கிறார். கட்டளை வந்ததும் தானாக ஓடிப்போய்ப் பலியிட்டவனும், நெடுநாள் போராடி, வேறு வழியின்றிப் பலிபீடத்துக்கு வந்தவனும் ஒன்றல்ல. தன்னோடு வீட்டார் அனைவரையும் இழுத்துச் சென்றவன் ஒருவன். மனைவி, மக்கள், குடும்பம் எல்லாருக்குமான ஆபத்தைத் தானே ஏற்று, அவர்களுக்குப் பதிலாகத் தனியாகப் போனவன் இன்னொருவன். தன் குத்தகைக்காரர்களையும் நண்பர்களையும் வற்புறுத்திப் பலியிடச் செய்தவன் உண்டு. அவர்களைத் தப்பவிட்டு, நாடுகடத்தப்பட்டு வந்த சகோதரர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்தவனும் உண்டு. பலிபீடத்தில் இவர்கள் செய்த செயல் ஒன்றுதான். பாவம் ஒன்றன்று. நிலவுடைமையாளன் ஒருவன் தன் நிழலில் வாழும் எளியவர்களை என்ன செய்தான் என்ற கேள்வி, சிலைவழிபாடு என்னும் பெரும் பாவத்தின் எடையையே மாற்றிவிடுகிறது. கடவுளுக்கு எதிரான குற்றத்தை விசாரிக்கும் இடத்தில் குத்தகைக்காரன் வந்து நிற்பது எளிதில் எதிர்பார்க்கக்கூடியதன்று.

அதற்குப் பின்தான் ஸ்டோயிக்கரின் பெயர் வருகிறது. எல்லாப் பாவங்களும் சமம், உறுதியான மனிதன் எளிதில் இளகக்கூடாது என்பது தத்துவவாதிகளின் நெறி. அவர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பெருந்தூரம் என்கிறார். நோவாசியானின் கடுமையைத் தத்துவவாதியின் இரக்கமின்மையோடு சேர்த்து வைப்பது வெறும் வசையன்று. விழுந்தவர்களை ஒரே கும்பலாகக் காண்பவனுக்கு ஆளாளாக விசாரிக்கும் தேவை இல்லை. விசாரணை இல்லாத இடத்தில் மிஞ்சுவது ஒரே தண்டனை. நோவாசியானின் கட்சி விபசாரிகளையும் ஏமாற்றுக்காரர்களையும் பொறுத்துக்கொள்கிறது, அச்சத்தால் சான்றிதழ் வாங்கியவனைத்தான் தள்ளுகிறது என்ற குத்தலும் கடிதத்தில் உண்டு. ஒருவன் விரும்பிப் பாவம் செய்தான், மற்றவன் கட்டாயத்தால் செய்தான். எது கனம் என்று கேட்கிறார். எடை பார்க்க மாட்டேன் என்பவர்களும் ஒரு தராசைக் கையில் வைத்திருக்கிறார்கள், அது கண்ணுக்குத் தெரிவதில்லை என்றே இதை நான் வாசிக்கிறேன்.

யாக்கோபின் வசனம் என்ன ஆயிற்று? 415இல் அகுஸ்தினார் இதே கேள்வியைத் தம் 167ஆவது கடிதத்தில் ஜெரோமுக்கு எழுதினார். நீரில் மூழ்கியவன் ஒரு சாண் ஆழத்தில் கிடந்தாலும் ஒன்று, கடலடியில் கிடந்தாலும் ஒன்று, இருவராலும் மூச்சுவிட முடியாது என்பது ஸ்டோயிக்கர் காட்டும் உவமை. அறத்தை அடைவது அப்படிச் சட்டென்று தலை வெளியே வருவதன்று, இருளிலிருந்து வெளிச்சத்துக்குச் சிறிது சிறிதாக நடந்து வருவது என்று அகுஸ்தினார் மாற்றிச் சொன்னார். பிறகு வசனத்துக்கு வந்தார். கட்டளைகள் யாவும் அன்பில் தொங்குகின்றன. எந்த ஒன்றை மீறினாலும் அந்த அன்பையே மீறுகிறோம். ஆதலால் எல்லாவற்றிலும் குற்றவாளி. ஆனால் அன்பு கூடவும் குறையவும் கூடும், எனவே குற்றமும் கூடும், குறையும். வசனத்தின் சுற்றுப்புறமும் இவ்விளக்கத்துக்கே துணைநிற்கிறது. பணக்காரனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் காலடியும் கொடுக்கும் சபையைக் கண்டிக்கும்போதுதான் யாக்கோபு இதைச் சொல்கிறார். பட்சபாதத்தை அற்பமென்று தள்ளுகிறவர்களை நோக்கிய சொல் அது.

வேதத்தின் மற்ற இடங்களும் ஏற்றத்தாழ்வை மறைப்பதில்லை. எண்ணாகமம் 15 அறியாமல் செய்த பாவத்துக்குப் பலியை ஏற்படுத்துகிறது, துணிந்து செய்தவனைச் சமூகத்திலிருந்து அறுப்புண்டவனாக்குகிறது. எசமானின் சித்தத்தை அறிந்தவனுக்கு அநேக அடியும் அறியாதவனுக்குச் சில அடியும் என்கிறது லூக்கா 12. தன்னை ஒப்புக்கொடுத்தவனுக்கு அதிக பாவம் உண்டென்று பிலாத்துவிடம் இயேசுவே சொல்வதாக யோவான் எழுதுகிறார்.

இடைக்காலத்தை விரைவாகக் கடக்கலாம். பசிலியார் நான்காம் நூற்றாண்டில் வகுத்த விதிகளில் திட்டமிட்ட கொலைக்கு 20 ஆண்டும், விபசாரத்துக்கு 15 ஆண்டும் நற்கருணை விலக்கு உண்டு. தாமஸ் அக்குவினாஸ் சாவான பாவத்தையும் அற்பப் பாவத்தையும் இறுதி இலக்கைக் கைவிடுதல், வழியில் தடுமாறுதல் என்று வேறுபடுத்தினார். திரெந்து பொதுச்சங்கம் 1551இல், நினைவுக்கு வரும் சாவான பாவம் ஒவ்வொன்றையும், அதன் வகையையே மாற்றும் சூழ்நிலைகளையும் சேர்த்து அறிக்கையிடப் பணித்தது. சிப்ரியானிடம் ஆளைப் புரிந்துகொள்ள உதவிய விசாரணை இப்போது பட்டியலாகிவிட்டது. பட்டியல் கிடைத்தால் அதில் ஓட்டை தேடுவோரும் கிடைப்பார்கள். 1656–57இல் பஸ்கால் எழுதிய கடிதங்கள் சேசுசபையின் சில அறநூலாரைக் கிண்டலடித்தது இதற்காகத்தான்.

சீர்திருத்தம் சாவான பாவம், அற்பப் பாவம் என்ற பிரிவை மறுத்தது உண்மை. மறுத்தது எதை என்பதில்தான் பிழையான வாசிப்பு நிகழ்கிறது. எல்லாப் பாவமும் தன்னளவில் மரணத்துக்குரியது, விசுவாசிகளின் பாவம் மன்னிக்கப்படுவது கிருபையால் மட்டுமே என்றார் கால்வின். அவர் ஸ்டோயிக்கரின் சமக் கொள்கையைக் கொண்டுவருகிறார் என்று எதிரிகள் பழித்தபோது, தம் இறையியல் பெருநூலின் மூன்றாம் புத்தகத்தில் அதற்கு நேராகவே விடையளித்தார். சாவான பாவங்களுக்குள்ளேயே ஒன்று மற்றொன்றைவிடக் கனமானதென்று நீங்களும் ஒப்புகிறீர்களே, எல்லாம் மரணத்துக்குரியவை என்பதால் எல்லாம் சமமாகிவிடுமா என்பது அவர் எதிர்வினா. எல்லாரும் மீட்புக்காகக் கையேந்தி நிற்பவர்கள் என்பது ஒரு கூற்று, எல்லாரும் ஒரே தீங்கைச் செய்தவர்கள் என்பது வேறொரு கூற்று. முதலாவதைக் கால்வின் உயிர்நிலையாகக் கொண்டார். இரண்டாவதை அவர் சொல்லவே இல்லை.

1640களில் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடை இந்த வேறுபாட்டை அருகருகான கேள்விகளில் வைத்தது. 150ஆவது கேள்விக்கு விடை: பாவங்கள் சமமல்ல. 152: மிகச் சிறியதும் தேவகோபத்துக்கு உரியது. இடையிலுள்ள 151ஆவதோ நீண்ட பட்டியல். செய்தவர் வயதிலும் அனுபவத்திலும் பதவியிலும் உயர்ந்தவரா, பிறருக்கு வழிகாட்டியா; பாதிக்கப்பட்டவர் பலவீனமான சகோதரரா; பலரின் பொதுநலன் கெட்டதா; நெஞ்சோடு நின்றதா, சொல்லாகவும் செயலாகவும் வெடித்ததா; ஈடுசெய்ய இயலாததா. மலைப்பிரசங்கத்தைக் காட்டிச் சமத்தை நிறுவுவோர் அந்த நெஞ்சும் செயலும் பற்றிய வரியைப் படிக்க வேண்டும். இச்சை பாவமே, ஆனால் செயல் அதனினும் கொடிது. பட்டியலில் அக்காலத்து இங்கிலாந்தின் வாடையும் அடிக்கிறது. மேலோருக்கு எதிராகச் செய்த பாவமும் கனம் கூடியது என்று அது எண்ணுகிறது. எளியவன், மேலோன் இருவரையும் ஒரே நிரையில் நிறுத்தியவர்கள் அதில் உறுத்தல் எதுவும் கண்டதாகத் தெரியவில்லை.

தராசை யார் பிடிக்கிறார் என்பது தப்பிக்க முடியாத கேள்வி. 2001இல் இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட ஆணை, குருக்கள் சிறாரிடம் இழைக்கும் பாலியல் குற்றத்தை மிகக் கடிய குற்றங்களில் ஒன்றாக்கி, உரோமையின் விசாரணைக்கு ஒதுக்கியது. 2010இல் அவ்விதிகள் திருத்தப்பட்டபோது பெண்ணுக்குக் குருப்பட்டம் அளிக்க முயல்வதும் அதே வகைப்பட்டியலில் இடம்பெற்றது. கண்டனம் எழுந்தது. ஒன்று ஒழுக்கத்துக்கு எதிரானது, மற்றது அருட்சாதனத்துக்கு எதிரானது, இரண்டும் ஒன்றென்று சொல்லவில்லை என்று வத்திக்கான் தரப்பு விளக்கியது. சட்ட நூலார் கண்ணில் அது சரியான விளக்கமே. ஆனால் சிப்ரியான் பிரித்த விதத்தில் பிரித்தால், ஒரு செயலால் காயப்பட்ட குழந்தை இருக்கிறது, மற்றொன்றால் அப்படிக் காயப்பட்டவர் யாரென்று காட்ட வேண்டியிருக்கிறது.

சமப் பாவப் பேச்சும் இதே இடத்தில்தான் இடறுகிறது. தவறு செய்த மேய்ப்பர் ஒருவரைப் பற்றிச் சபையில் முறையீடு எழும்போது, நாம் எல்லாரும் பாவிகள்தானே, கல்லெறிய நமக்கென்ன தகுதி என்று சொல்லப்படும். தாழ்மையாக ஒலிக்கும் அந்த விடை முறையிட்டவரையும் குற்றவாளிகளுள் ஒருவராக்கி உட்காரவைக்கிறது. 151ஆவது விடையின்படி பார்த்தால் வழிகாட்டி என்ற பதவியே அவருடைய குற்றத்தைக் கனமாக்கும். சிப்ரியானின் மன்றத்தில் என்றால், அவரிடம் முதலில் கேட்கப்பட்டிருக்கக்கூடியது அவருடைய குத்தகைக்காரர்களைப் பற்றித்தான்.