கடலாடப் போன கரிசல்காடு

அச்சங்குளத்துக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். சாத்தூருக்குப் பக்கத்துல, ஏழாயிரம்பண்ணை வட்டாரத்துல, கரிசல் மண்ணும் வேலிக்காத்தானும் பட்டாசு ஷெட்டுகளுமா இருக்கிற ஊர் அது. அங்கிருந்து திருச்செந்தூர் நூறு கிலோமீட்டருக்கு மேல. ஆனா பாருங்க, கடற்கரையில குளிச்சு, சாப்பிட்டு, சும்மா உக்காந்திருக்கிற ஒரு நாளோட வரலாறை எழுதணும்னா, அதைக் கடலோரத்துல இருந்து எழுதுறதை விட இந்த மாதிரி ஊர்ல இருந்து எழுதுறதுதான் சரி. ஏன்னா கடல் எப்பவும் அங்கேயேதான் இருக்கு. நாள்தான் கிடைக்க மாட்டேங்குது.

பீச் ஹாலிடே எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டாந்த பழக்கம்னு ஒரு பேச்சு உண்டு. 1750-ல ரிச்சர்ட் ரஸ்ஸல்னு ஒரு இங்கிலாந்து வைத்தியர், கடல்தண்ணி சுரப்பி நோய்களுக்கு நல்லதுன்னு புத்தகம் போட்டார், அதுக்கப்புறம் பிரைட்டன் கடற்கரைக்குக் கூட்டம் கிளம்பிச்சு. அதெல்லாம் உண்மைதான். ஆனா நம்ம பட்டினப்பாலையைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க. உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையைக் காட்டுறார். முழுநிலா நாள். பரதவர் அன்னைக்குக் கடல்ல வேட்டைக்குப் போகல. சுறாவோட கொம்பை நட்டுக் கும்பிடறாங்க, தாழம்பூ சூடிக்கிறாங்க, பனங்கள்ளு குடிக்கிறாங்க. அதுக்குச் சற்று முன்னாடிதான் சுட்ட இறாலும் வேகவைத்த ஆமையும் தின்கிற ஆட்களைக் காட்டியிருப்பார். அப்புறம் கடல்ல ஆடிட்டு, உப்பு போக நல்ல தண்ணியில முங்கி, நண்டை விரட்டி, அலையை மிதிச்சு, மணல்ல பாவை செஞ்சு விளையாடுறாங்க. இதுக்கு மேல ஒரு ஹாலிடேயில என்ன வேணும்? :-)

எனக்கு அதுல பிடிச்ச விஷயம், அது உழைக்கிறவனோட லீவு நாள்ங்கிறதுதான். சிலப்பதிகாரத்துலயும் கடலாடு காதை இருக்கு. இந்திர விழா முடிஞ்சு கோவலனும் மாதவியும் கடற்கரைக்குப் போறாங்க, யாழ் வாசிக்கிறாங்க, பிரிஞ்சு வர்றாங்க. அது காசு இருக்கிறவங்க கதை. அவங்களுக்கு எந்த நாளும் லீவுதான். பரதவருக்கு அப்படியில்ல, மாசத்துல ஒரு நிலா நாள்.

இப்ப கரிசல்காட்டுக்கு வருவோம். நம்ம பக்கத்து ஆட்களுக்குக் கடல்னா திருச்செந்தூர். நடந்தே போறவங்களும் உண்டு. தைப்பூசத்துக்கும் மாசித் திருவிழாவுக்கும் பச்சை வேட்டியும் மாலையுமா சாத்தூர், கோவில்பட்டி ரோட்டுல சாரி சாரியா நடந்து போறதைப் பார்க்கலாம். மத்தவங்க வேன் பிடிச்சுப் போறாங்க. ராத்திரியே புளியோதரையும், மிளகாப்பொடியில எண்ணெய் விட்டுப் புரட்டின இட்லியும் கட்டியாச்சு. வழியில கொறிக்க சாத்தூர் சேவு. விடியக்காலம் கடற்கரை.

நம்ம ஆளுக்கு நீச்சல் தெரியாதுன்னு நினைச்சிராதீங்க. கமலைக் கிணத்துல அறுபது அடி உயரத்துல இருந்து குதிக்கிற பயலுக இவங்க. ஆனா கிணத்துத் தண்ணி நின்ன இடத்துல நிக்கும். கடல் காலுக்குக் கீழ மண்ணை உருவும். அதனால கிணத்துல சூரப்புலியா இருந்தவன்கூட இங்க இடுப்பளவு தண்ணியில பக்கத்தாளு கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். பொம்பளைங்க சேலையோட வட்டமா உக்காந்துக்குவாங்க, அலை வந்து தலைக்கு மேல விழும், ஒரு சத்தம், ஒரு சிரிப்பு. வருஷத்துல மத்த நாள்ல அந்தச் சிரிப்பைக் கேக்க முடியாது. சாமி கும்பிட வந்த இடம்கிறதுனால அந்த ஆட்டத்துக்கு யாரும் கணக்கு கேக்கவும் மாட்டாங்க. தீர்த்தம்கிற பேர்ல விளையாட்டு. நம்ம ஜனங்க கெட்டிக்காரங்க.

அப்புறம் நாழிக்கிணறு. கடலுக்கு இத்தனை பக்கத்துல நல்ல தண்ணி ஊறுது. முருகன் படைக்குத் தாகம் தீர்க்க வேலால குத்தினதுன்னு ஐதீகம். கடல்ல குளிச்சிட்டு உப்பு போக இங்க குளிக்கணும்கிறது முறை. பட்டினப்பாலைக்காரங்க செஞ்ச அதே வரிசை, கவனிச்சீங்களா? தரிசனம் முடிஞ்சு மண்டப நிழல்ல பொட்டலத்தைப் பிரிச்சா, உப்புக்காத்துல புளியோதரைக்கு வர்ற ருசி தனி. உடன்குடி கருப்பட்டி வாங்காம யாரும் திரும்ப மாட்டாங்க. கவுச்சி மட்டும் கோயில் எல்லை தாண்டித்தான். அது ராத்திரி புரோட்டாக் கடையில ஈடு கட்டப்படும்.

சரி, இந்த நாள் எப்பக் கிடைச்சுது? மதுரையில இருந்து தூத்துக்குடிக்கு ரயில் 1876-லயே வந்தாச்சு, சாத்தூர் வழியாத்தான். ஆனா அது பருத்தியைக் கடலுக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை, பருத்தி எடுத்தவங்களைக் கூட்டிட்டுப் போக இல்ல. திருநெல்வேலி - திருச்செந்தூர் பாதை 1923-ல. ரயில் இருந்தா மட்டும் போதுமா, லீவு வேணாமா? பம்பாய் மில்லுகள்ல ஞாயித்துக்கிழமை லீவுங்கிறதையே நாராயண் மேகாஜி லோகண்டே வருஷக்கணக்கா மல்லுக்கட்டி 1890-லதான் வாங்கினார்.

இங்கிலாந்துல லங்காஷயர் பருத்தி மில் ஊர்கள்ல வருஷத்துல ஒரு வாரம் ஊரே மூடிடும். மொத்த ஜனமும் ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போவாங்க. ரொம்ப காலத்துக்கு அந்த வாரத்துக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. நம்ம ஊர்ல வாரச் சீட்டு பிடிக்கிற மாதிரி வருஷம் பூரா சேர்த்துவச்சுத்தான் போனாங்க. பிரான்சுல 1936-ல பெரிய வேலைநிறுத்தம் நடந்து, சம்பளத்தோட ரெண்டு வாரம் லீவுன்னு சட்டம் வந்தது. அந்தக் கோடையில எத்தனையோ தொழிலாளிகள் வாழ்க்கையில முதல் தடவையா கடலைப் பார்த்தாங்க.

பிளாக்பூல் கதையைப் படிக்கும்போது எனக்கு சிவகாசிதான் ஞாபகம் வரும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அதுலேருந்து வளர்ந்து வந்த பட்டாசு ஆலைகள் தீபாவளி முடிஞ்சதும் சில வாரம் மூடிக் கிடக்கும். அப்பத்தான் டூர் வேன்கள் கிளம்பும். போனஸ் காசு கையில இருக்கும். ஆனா பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறவங்களுக்கு அது லீவு இல்ல, வேலை இல்லாத நாள். ரெண்டும் வேற. 1948 தொழிற்சாலைச் சட்டத்துல வாரம் ஒரு லீவும், வருஷத்துல 240 நாள் வேலை பார்த்தவங்களுக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் சம்பளத்தோட லீவும் எழுதி வச்சிருந்தாங்க. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குற அக்காகிட்ட அதைச் சொன்னா, "அப்படியா தம்பி"ன்னு கேட்டுட்டுத் திரி செருகப் போயிரும்.

2021 பிப்ரவரி 11, தை அமாவாசை. கடலாடுறதுக்குன்னே பஞ்சாங்கம் குறிச்சு வச்ச நாள். மறுநாள் 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில வெடிவிபத்து. இருபது பேருக்கு மேல செத்துப்போனாங்க. அதுல பெண்கள் நிறைய. தீபாவளிக்கு இன்னும் எட்டு மாசத்துக்கு மேல இருந்தது. ஆனாலும் ஆலை நிறைய ஆள் இருந்தாங்க. கூலி அன்னன்னைக்கு எண்ணுறதுக்குத்தான், வீட்ல இருந்தா சைபர். அமாவாசைக்கு ஒரு நாள் போயிட்டு மறுநாளும் அசதின்னு படுத்துக்கிறதுங்கிறது அந்தக் கணக்குல வராது.

திருச்செந்தூர்ல 2025 ஜூலை 7-ல கும்பாபிஷேகம் நடந்துச்சு. அந்த வருஷத் தொடக்கத்துல கடல் அரிச்சு, கோயில் முன்னாடி மண்ணு பள்ளம் பள்ளமா போயிருந்தது. அதனால குளிக்க இறங்குறவங்க காலைப் பார்த்து வைக்கணும், பாறை வழுக்கும். கூட வர்ற ஆத்தாமாரை இடுப்பளவுக்கு மேல போக விடாதீங்க. ஆனா சீக்கிரம் கரையேறுங்கன்னு மட்டும் அவசரப்படுத்தாதீங்க. வேன்காரர் கொஞ்சம் காத்திருக்கட்டும்.