அம்மாளும் வர்த்தமானியும்

வைகாசி பிறந்துவிட்டால் எங்கட பக்கம் முழுக்கக் கண்ணகி அம்மன் பேச்சுத்தான். வருசம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற கோயில்களின் கதவு திறக்கும். வழக்குரை காவியம் படிப்பார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் கோபம் தணியக் குளிர்த்தி பாடுவார்கள். செட்டிபாளையத்துப் பிள்ளைகளான நாங்கள் எல்லாரும் அந்தக் குளிர்த்தித் தண்ணீர் தலையில் விழ வளர்ந்தவர்கள். அந்தத் தண்ணீர் பட்டால் அம்மை அண்டாது என்றுதான் பெரியாக்கள் சொல்லித் தந்தார்கள்.

பிறகு பள்ளிக்கூடத்தில் கிருமி பற்றிப் படித்தோம். வீட்டில் சண்டை தொடங்கியது. யாருக்காவது கொப்புளிப்பான் போட்டால், "அம்மாள் வந்திருக்கா மனே, ஆசுபத்திரிக்குக் கொண்டு போகாதங்க" என்று அம்மம்மா சொல்லுவா. "அது வைரசு, ஆதாரம் இருக்கு" என்று நாங்கள் சொல்லுவோம். இந்தச் சண்டையில் யார் சரி என்று பார்க்கத்தான் பழைய கதைகளைத் தேடினோம்.

முதலில் பெரியம்மை. அதன் கடுமையான வகை பிடித்த பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர் செத்துப்போனார்கள். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் தழும்பு, சிலருக்குக் கண்பார்வையும் போயிற்று. மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் சனங்கள் அம்மனிடம் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வேறு எங்கே போவது? 1796இல் எட்வர்ட் ஜென்னர் என்ற ஆங்கிலேய மருத்துவர், மாட்டம்மைப் பாலைக் கையில் கீறி ஏற்றினால் பெரியம்மை வராது என்று காட்டினார். ஆறே வருசத்தில், 1802இல், அந்த அம்மைப்பால் பம்பாய்க்கு வந்தது. அதே வருசம் இலங்கைக்கும் வந்தது. இங்கே அதைப் பரப்பும் வேலையில் இருந்த தாமஸ் கிறிஸ்டி என்ற மருத்துவர், அம்மைப்பால் வருமுன் பெரியம்மை இந்தத் தீவில் செய்த அழிவைப் பற்றி 1811இல் ஒரு நூலே வெளியிட்டார்.

சனங்கள் உடனே கையை நீட்டிவிடவில்லை. அதற்கு அம்மாள் கோபிப்பா என்ற பயம் மட்டும் காரணமில்லை. அந்தக் காலத்து அம்மைப்பால் போத்தலில் வந்த மருந்தல்ல. குத்திய ஒரு பிள்ளையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்துவார்கள். யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளையின் உடம்பிலிருந்து எடுத்ததை, யாரோ ஒரு அரசாங்க ஆள் வந்து குத்துகிறான் என்றால், எந்தத் தாய்தான் யோசிக்கமாட்டாள்? ஆனாலும் காலப்போக்கில் நம்பினார்கள். குத்தியவர்கள் பிழைத்ததையும் குத்தாதவர்கள் படுத்ததையும் கண்ணால் கண்டார்கள். 1980 மே மாதம், பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது.

ஆனால் அம்மாள் ஒழியவில்லை. குளிர்த்தி இன்றும் நடக்கிறது. இன்னொன்றையும் கவனித்தோம். வாசலில் வேப்பங்குழை கட்டுவது, பிள்ளையைத் தனி அறையில் விடுவது, ஆட்களை வரவிடாமல் செய்வது, இதெல்லாம் அம்மாளுக்குச் செய்யும் மரியாதை என்று அம்மம்மா சொன்னா. மருத்துவம் அதைத் தனிமைப்படுத்தல் என்கிறது. ஆசுபத்திரிக்குப் போகாதே என்பதில் மட்டும் அம்மம்மா பிழை. கொப்புளிப்பான் நுரையீரலைப் பிடிக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் பிறந்த பிள்ளைகளுக்கும் உயிராபத்து ஆகலாம்.

அப்படியென்றால் வழக்கத்தில் கொஞ்சம் சரி, கொஞ்சம் பிழை. அரசாங்கம் விஞ்ஞானம் என்று சொல்வது முழுக்கச் சரி. இப்படிக் கணக்கை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தோம். 2020 வந்து அதைக் குழப்பிவிட்டது.

கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்கலாம் அல்லது எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. இலங்கை அரசு ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி போட்டு எல்லாரையும் எரிக்கத்தான் வேண்டும் என்றது. புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்பதுதான் சொன்ன காரணம். ஜனாசாவை நல்லடக்கம் செய்வது முஸ்லிம்களுக்கு மார்க்கக் கடமை. அவர்கள் கெஞ்சினார்கள், நீதிமன்றம் போனார்கள், டிசம்பரில் உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளியது. அதே மாதம் பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். பொரளை மயான வேலியில் சனங்கள் வந்து வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் போனார்கள்.

அதே டிசம்பரில்தான் கேகாலையில் ஒருவர், காளியம்மன் சொல்லித் தந்தது என்று ஒரு பாணியைக் கொரோனாவுக்கு மருந்தாகக் கொடுத்தார். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பகிரங்கமாகக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே கொரோனா வந்தது. ஆதாரமே இல்லாத பாணிக்கு அரசின் வாசல் திறந்திருந்தது. ஆதாரம் பக்கபலமாக இருந்த கபன் துணிக்கு அது பூட்டியிருந்தது.

2021 ஜனவரியில் புதைக்கலாம் என்று இலங்கை மருத்துவச் சங்கமும் சொன்னது. பெப்ரவரி 25இல்தான் வர்த்தமானி மாறியது. மார்ச் 5 முதல் எங்கட மாவட்டத்திலேயே, ஓட்டமாவடி மஜ்மா நகரில், அடக்கம் செய்யத் தொடங்கினார்கள். நாடு முழுவதிலிருந்தும் அங்கே கொண்டுவந்து 3,600க்கும் மேற்பட்டவர்களைப் புதைத்தார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, மற்ற மதத்தவர்களும் அங்கே கிடக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரித்த உடல்களுக்கு அந்த மன்னிப்பு என்ன செய்யும்?

இதில் எங்கட பங்கையும் சொல்ல வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில், கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழ்கிற ஊர் இது. நிலத்தடி நீர் என்றதும் எங்களுக்கும் பயம் வந்தது. எங்களில் சிலர் அந்தக் கதையை நம்பினோம், சிலர் "அது அவங்கட பிரச்சினை" என்று பேசாமல் இருந்தோம். அம்மம்மாவிடம் ஆதாரம் கேட்ட வாய், வர்த்தமானியிடம் கேட்கவில்லை.

ஆதாரம் என்றால் யார் கேட்டாலும் எடுத்துக் காட்டக்கூடியது. ஜென்னர் காட்டினார், அம்மைப்பால் குத்தியவர்களின் கைகள் காட்டின. வர்த்தமானி எதையும் காட்டவில்லை, கட்டளைதான் போட்டது. "அம்மாள் கோபிப்பா" என்பதற்கும் "நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள்" என்பதற்கும் எங்களிடம் இருக்க வேண்டியது ஒரே கேள்விதான்: எங்கே, காட்டுங்க பாப்பம்.

இனி எங்கட வீட்டில் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் போட்டால் வாசலில் வேப்பங்குழை தொங்கும். அம்மம்மாவின் மனம் நோகாது, ஆட்களும் வராமல் இருப்பார்கள். பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் அம்மம்மா மறித்தாலும் ஆசுபத்திரிக்குப் போவோம். ஓட்டமாவடிக்கும் ஒருநாள் போக வேண்டும். அங்கே பேச எங்களிடம் ஒன்றுமில்லை, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவோம்.